இத்தாலிய மொழியில் வானிலை பற்றி அபிப்பிராயம் கேட்பது: கேள்வி பதில்

‘கே தெம்போ ஃபா?’ (வானிலை எப்படி இருக்கிறது?) என்று கேட்டால் போதாதா?

அது தகவல் கேட்பது. வெளியே வெயிலா, மழையா என்று மட்டும் பதில் வரும். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க, முன்னால் ‘ஸெகொந்தோ தே’ சேருங்கள். ‘ஸெகொந்தோ தே, தொமானி பியோவே?’ என்றால் ‘நாளைக்கு மழை வரும்னு நினைக்கிறியா?’ வயதில் மூத்தவர், அறிமுகமில்லாதவர் என்றால் ‘தே’ போய் ‘லெய்’ வரும். நம் நீ, நீங்கள் கணக்குதான்.

பாடப்புத்தகத்தில் ‘பென்ஸி கே பியோவா?’ என்று இருக்கிறது. பியோவேயா, பியோவாவா?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ‘பென்ஸி கே’ (நினைக்கிறாயா) வந்தால், அடுத்து வரும் வினை ‘கொஞ்சுந்தீவோ’ என்ற ஐய வடிவத்துக்கு மாற வேண்டும். பியோவே பியோவா ஆகும். ‘ஃபா கால்தோ’ (வெக்கையாக இருக்கிறது) ‘ஃபாச்சா கால்தோ’ ஆகும். ‘ஸெகொந்தோ தே’க்கு இந்த வம்பே கிடையாது, சாதாரண வடிவம் போதும். அதனால் முதல் ஆறு மாதம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சில் இத்தாலியர்களே ‘பென்ஸோ கே பியோவே’ என்று விட்டுவிடுவதுண்டு; தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

ஊர்க்காரர்கள் சகஜமாக எப்படிக் கேட்பார்கள்?

‘கே தீச்சி, பியோவே?’ சொல்லுக்குச் சொல் ‘என்ன சொல்ற, மழை வருமா?’தான். மரியாதைக்கு ‘கே தீச்சே’. ‘தீச்சி கே ஸெர்வே லொம்ப்ரெல்லோ?’ என்றால் ‘குடை தேவைப்படுமா?’ ‘கே நெ பென்ஸி தெல் தெம்போ?’ (வானிலை பற்றி என்ன நினைக்கிறாய்?) இலக்கணப்படி சரி, ஆனால் பேட்டி எடுப்பது போல இருக்கும்.

பதில் சொல்ல?

‘மி ஸா கே பியோவே.’ ‘மி’ என்றால் ‘எனக்கு’. நம் ‘எனக்கென்னவோ மழை வரும்னு தோணுது’ அச்சு அசலாக அதேதான். ‘மி ஸா’ பேச்சு வழக்கு, வினை மாறாது. ‘மி ஸெம்ப்ரா கே’ என்று தொடங்கினால் மட்டும் பியோவா.

‘ஸோனோ கால்தோ’ என்றேன், சிரித்தார்கள். ஏன்?

ஆளைப் பற்றிச் சொன்னால் அது காம வேட்கையைக் குறிக்கும். ‘எனக்குப் புழுங்குது’ என்பதற்கு ‘ஒ கால்தோ’. வானிலைக்கு ‘ஃபா கால்தோ’. வெயில், காற்று, மூடுபனி போன்ற பெயர்ச்சொற்களுக்கு ‘ஃபா’ வராது, ‘ச்சே’ வரும்: ‘ச்சே இல் ஸோலே’ (வெயில் அடிக்கிறது).

உச்சரிப்பு?

‘டெம்போ’ அல்ல, ‘தெம்போ’. நாக்கு பல்லைத் தொட வேண்டும். தமிழ் ‘த’ அப்படியே பொருந்தும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள்தான் இதில் ‘ட’ போட்டுக் கெடுக்கிறார்கள்.

வெனிஸில் மழையைத் தவிர வேறென்ன கேட்கலாம்?

வெள்ளத்தை. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் ஷிரொக்கோ காற்று ஏட்ரியாட்டிக் கடல் நீரை வடக்கே தள்ளும். ஓதமும் உயர்ந்திருந்தால் தெருவில் தண்ணீர் ஏறும். ‘ஸெகொந்தோ லெய், தொமானி ச்சே லாக்குவா ஆல்தா?’ என்றால் ‘நாளைக்கு வெள்ளம் ஏறும்னு நினைக்கிறீங்களா?’ பக்கத்து ட்ரியெஸ்தேயில் பேச்செல்லாம் போரா பற்றி: வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று, வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு.

கேட்டதற்கு ‘போ’ என்றார். விரட்டுகிறாரா?

இல்லை. தோளைக் குலுக்கியிருப்பாரே? ‘யாருக்குத் தெரியும்’ என்று பொருள்.