கடல் நாட்களை அறைக்குள் கழித்துவிடாதீர்கள்

கேள்வி: நவம்பரில் குடும்பத்தோடு தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்து, தென் ஜார்ஜியா தீவுகளுக்குக் கப்பலில் போகிறோம். நடுவே இரண்டு நாள் வெறும் கடல்தானாம், பார்க்க ஏதாவது இருக்குமா? இறங்கும் முன் ஷூ, பை எல்லாவற்றையும் சோதிப்பார்களாமே, அவ்வளவு கெடுபிடி எதற்கு?
- வாசகி, கோவை

பதில்: பறவை பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள்தான் விருந்து. ஃபாக்லாந்திலிருந்து தென் ஜார்ஜியாவுக்கு சுமார் 1,400 கிலோமீட்டர், வழி நெடுக ஏதாவது ஒரு பறவை கப்பலோடு வந்துகொண்டே இருக்கும். காலையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்க டெக்கில் போய் நில்லுங்கள். கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கிற கேப் பெட்ரல் என்ற கடற்பறவைகள் கூட்டமாக வரும். அப்புறம் வாண்டரிங் ஆல்பட்ராஸ். இறக்கையை விரித்தால் 3.5 மீட்டர் வரை இருக்கும், இன்று வாழும் பறவைகளில் இதை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. இறக்கையை அடிப்பதே அபூர்வம். அலையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், எதிர்காற்றில் ஏறி, திரும்பி, சரிந்து இறங்கி, அந்த வேக வித்தியாசத்தை வைத்தே மணிக்கணக்கில் பறந்துவிடும். பக்கத்தில் வரும்போது அலகைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சின்னக் குழாய் மாதிரி மூக்குத் துவாரம் தெரியும், உடம்பில் சேரும் உப்பு அதன் வழியாகத்தான் வடிகிறது. கப்பல் ஆடும், அதனால் 10 மடங்கு பைனாகுலர் வேண்டாம், 8 மடங்கு போதும்.

சரி, கெடுபிடிக்கு வருகிறேன். அந்தக் காலத்து சீல் வேட்டைக் கப்பல்களில் வந்து இறங்கிய எலிகள், தென் ஜார்ஜியாவில் தரையிலும் வளையிலும் கூடு வைக்கும் பறவைகளின் முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் தின்று தீர்த்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தென் ஜார்ஜியா பிப்பிட் என்ற சின்னப் பாட்டுப் பறவை, எலி எட்டாத குட்டித் தீவுகளில் ஒதுங்கித்தான் பெரும்பாலும் பிழைத்தது. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரில் விஷ இரை தூவி, பிறகு மோப்ப நாய்களை வைத்துத் தேடிப் பார்த்து, 2018-ல்தான் எலி ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பிப்பிட் மறுபடி பெரிய தீவில் குஞ்சு பொரிக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட இடத்துக்கு நம் வெல்க்ரோவில் ஒட்டிய ஒரு புல் விதை போகலாமா? சுத்தம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்யுங்கள். 2023-ல் பறவைக் காய்ச்சல் வேறு அங்கே வந்துவிட்டது. அதனால் கரையில் உட்காராதீர்கள், மண்டியிடாதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் இறக்கினால் உங்களுக்கு யோகம், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிங் பென்குயின் ஜோடிகள் அங்கே உண்டு. நவம்பரில் போன பருவத்துக் குஞ்சுகள் பழுப்பு ரோமம் உதிர்த்துக்கொண்டு, பாதி உடம்பு குஞ்சும் பாதி பெரியதுமாக நிற்கும். 5 மீட்டர் தள்ளியே இருங்கள். அதுவாகவே உங்களை நோக்கி நடந்து வந்தால் அசையாமல் நின்றால் போதும். காற்று பலமாக வீசினால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். வழிகாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரப்பர் படகு கவிழ்ந்தால் அந்தத் தண்ணீரில் சில நிமிஷத்திலேயே கைகால் விறைத்துவிடும்.