தெரிந்தவரின் முகம் பிடிபடாமல், பேசிய பிறகே ஆளைத் தெரிகிறது. என் மூளையில் ஏதும் கோளாறா?

இந்தக் கேள்வியைக் கேட்ட உங்களையும் யாரோ ‘தடிப்புப் பிடித்த ஆள்’, அதாவது திமிர் பிடித்தவர் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அந்தப் பெயர் உண்டு. நல்லூர்த் திருவிழாவில் பட்டுச்சேலையுடன் எதிரே வந்து சிரித்த என் சொந்தச் சின்னம்மாவைக் கடந்து போய்விட்டேன். அவரை வீட்டு முற்றத்தில் நூல்சேலையோடுதான் பார்த்திருக்கிறேன். “பிள்ளை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. இன்றுவரை பேசவுமில்லை.

நான் மருத்துவர் அல்ல. படித்தவர்கள் பிழை பிடித்தால் ஏற்றுக்கொள்கிறேன். முகத்தை அறிய மூளையின் அடிப்பக்கத்தில் ஓர் இடம், குரலை அறியக் காதை ஒட்டிய பக்கத்தில் வேறோர் இடம். இரண்டு வழியும் போய்ச் சேர்வது ஒரே ஆளிடம்தான். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தியவர்களிடம் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு நடிகையின் படத்தைக் கண்டு துடித்த அதே நரம்புக் கலம், அவர் பெயரை எழுத்தில் கண்டும் துடித்தது. பெயரைக் காதால் கேட்டாலும் இப்படித் துடிக்கும் கலங்கள் உண்டு என்று 2009இல் காட்டினார்கள். முகம் மட்டும் பிடிபடாத நிலைக்கு 1947இலேயே ஜெர்மன் மருத்துவர் போடாமர் பெயர் வைத்துவிட்டார்.

எனக்கு இது புதினமில்லை. 1993இல் எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கு ஒன்றுதான். ஒழுங்கை முனையில் சைக்கிளின் செயின்கவர் கடகடத்தால் அப்பா வருகிறார் என்று படலையைத் திறக்க ஓடுவேன். ஒருநாள் ஓடிப்போய்ப் பாதியில் நின்றுவிட்டேன். சுருட்டு வாசம் இல்லை. செருப்பை இழுக்கும் சத்தமும் இல்லை. அப்பாவின் சைக்கிளை இரவல் வாங்கிப்போன பெரியப்பா! காது அப்பா என்றது, மூக்கு இல்லை என்றது. முகம் தெரியும் முன்பே விடை வந்துவிட்டது.

இப்போது கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் குரலைக்கூடக் கேட்கவிடுவதில்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? இதை எத்தனை பேரிடம் சொல்லியும் பயனில்லை.

நீங்களே முந்திக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். பதிலுக்கு வரும் குரலில் ஆள் தெரிந்துவிடும். சின்னம்மா இதை வாசிக்கமாட்டார். அவருடைய மகன் வாசிப்பான். தம்பி, தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டு.