முகம் செவக்குது, பர்ஸ் காலியாகுது: அக்காகிட்ட கேளுங்க

போன மாசம் வெயில்ல முகம் எரியிறதப் பத்தி ரெண்டே வரி எழுதுனேன், இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி அதான். முன்னாடியே சொல்லிடுறேன், நா டாக்டர் கெடையாது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மெடிக்கல்ல பதினோரு வருசம் கவுண்டர்ல நின்னவ, அதோட எனக்கே தக்காளிக் கன்னம். ரெண்டுலயும் பட்டது தான் இது.

*

அக்கா, எனக்கு 27 வயசு. எந்த க்ரீம் போட்டாலும் கன்னமும் மூக்கும் எரிஞ்சு செவந்துரும். நா மாநிறம்ங்கிறதால வீட்டுல யாருக்கும் செவப்பே தெரியல, எல்லாம் உன் நெனப்புங்குறாங்க. ஆன்லைன்ல ஃபேஸ் வாஷ், டோனர், சீரம், க்ரீம், சன்ஸ்க்ரீன்னு அஞ்சும் செட்டா வாங்கி ஒரே நாள்ல ஆரம்பிச்சேன், மூணாம் நாளே எரிய ஆரம்பிச்சிருச்சு. கம்மி வெலைல நல்ல செட் ஒண்ணு சொல்லுங்க.
வாசகி, செல்லூர்

தங்கச்சி, செட்டே வேணாம். அஞ்சு பேரு வந்துட்டுப் போன வீட்டுல கொலுசக் காணோம்னா யாரக் கேப்ப? அதே கத தான் இது, அஞ்சையும் ஒண்ணா போட்டா எது கடிச்சுச்சுனு ஆண்டவனுக்குக் கூடத் தெரியாது, அஞ்சையும் தூக்கித் தான் போடணும், பணம் போச்சு.

அப்புறம் உன் நெனப்பெல்லாம் இல்ல. வெள்ளத் தோலுல தான் செவப்பு ரோசாப்பூ மாதிரி தெரியும், நம்ம நெறத்துல அது கருஞ்செவப்பாவோ லேசா கருத்த மாதிரியோ தான் தெரியும், அதனாலயே நெறையா பேருக்கு என்னன்னு கண்டுபிடிக்காமயே போயிருது. கைய வச்சுப் பாரு, கன்னம் கொதிக்கும், ஊசி குத்துற மாதிரி சுருக்குனு இருக்கும், அது தான் கணக்கு. காலைல ஒரே ஜன்னலுக்கு நேரா நின்னு தெனம் ஒரு போட்டோ எடுத்து வை, ரெண்டு வாரம் கழிச்சு சேத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும், டாக்டர்ட்ட காட்டவும் ஆகும்.

இப்ப செய்ய வேண்டியது, எல்லாத்தையும் ரெண்டு வாரத்துக்கு பீரோல பூட்டு. காலைல வெறும் தண்ணி. ராத்திரி மட்டும் ஏதாச்சும் நொரை வராத, வாசம் இல்லாத க்ளென்சர் கொஞ்சம், செட்டாஃபில் மாதிரி. பெரிய பாட்டில் வாங்காத, இருக்குறதுலயே சின்ன சைஸ் வாங்கு. சோப்பு வேணாம்னு ஏன் சொல்றேன்னா, நம்ம தோலு லேசா அமிலத் தன்மை உள்ளது, பிஹெச்ங்குற அமில-கார அளவுல 5 சுத்தி இருக்கும், சாதா சோப்பு 9, 10ன்னு காரத்துல நிக்கும், கழுவ கழுவ மேல இருக்குற எண்ணெப் பூச்சு போயி தோலு தொறந்து கெடக்கும், தொறந்து கெடந்தா எது போட்டாலும் எரியத் தான செய்யும். பேபி சோப்புன்னா பயமில்லன்னு ஒரு நம்பிக்க நம்மகிட்ட இருக்கு, நெறையா பேபி சோப்பும் அதே சாதா சோப்பு தான், வாசம் வேற தூக்கலா இருக்கும். உங்க பக்கம் போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பும் அந்தத் தண்ணியும் சேந்து தோலுல படிஞ்சு போகும், கடைசியா ஒரு சொம்பு குடிக்கிற தண்ணில அலசிட்டு விடு, செலவில்லாத வைத்தியம்.

கழுவிட்டு தொடைக்காம, ஒத்தி எடுத்துட்டு, ஈரம் இருக்கும்போதே ஒரே ஒரு க்ரீம். பின்னாடி திருப்பிப் படி, கிளிசரின், பெட்ரோலேட்டம், செராமைட், பேந்தனால் இதெல்லாம் இருந்தா சரி. பர்ஃப்யூம், மென்தால், யூகலிப்டஸ், ஏதோ ஒரு பூ எண்ணெய்னு இருந்தா அங்கயே வச்சிரு. முன்பக்கம் இருக்குறத நம்பாத. 'ஹைப்போஅலர்ஜெனிக்'ங்குறதுக்கு இன்னது தான்னு சட்டத்துல வரையற அமெரிக்காவுலயே கெடையாது, 'அன்சென்டட்'னு போட்டா கெட்ட வாடை தெரியாம இருக்க அதுலயே வாசம் சேத்துருக்கலாம், 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'னு இருக்கணும். காசு ரொம்ப முடையா, மெடிக்கல்ல கிளிசரின் சின்ன பாட்டில் வாங்கி உள்ளங்கைல ஒரு சொட்டு, அதுக்கு அஞ்சாறு மடங்கு தண்ணி கலந்து ஈர முகத்துல தடவு. பன்னீர் கலக்குறேன்னு கெளம்பாத, பன்னீர்ல வாசம் தான இருக்கு, அது தான நமக்கு எதிரி.

அந்த ஒரு க்ரீமையும் நேரா கன்னத்துல போடாத. காதுக்குப் பின்னாடி, இல்ல முழங்கை மடிப்புல, ஒரு ரூபா காசு அளவு, தெனம் ரெண்டு வேள, ஒரு வாரம், இதுக்குப் பேரு தான் பேட்ச் டெஸ்ட். ஒரு தடவ தடவி அர மணி நேரம் பாத்துட்டு ஒண்ணும் ஆகலன்னு சொல்றதெல்லாம் டெஸ்ட் இல்ல, அலர்ஜி நாலஞ்சு நாள் கழிச்சுக் கூட வரும். அது தாங்குச்சுனா முகம். முகம் ரெண்டு வாரம் தாங்குச்சுனா அப்ப சன்ஸ்க்ரீன், அதையும் இதே மாதிரி. ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு போட்டது நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பெரும்பாலும் எரியாது, ஆனா திருநீறு பூசுன மாதிரி வெளுத்துத் தெரியும், மாநிறத்துக்கு கலர் சேத்த டின்டட் வாங்கு, அதுல இருக்குற இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும். எஸ்பிஎஃப்னு போட்டிருக்குற எண் 30 போதும், தோலச் சுடுற யூவி-பி கதிர்ல 30 சுமார் 97 சதவீதம் தடுத்தா 50 சுமார் 98 தடுக்கும், அந்த ஒரு சதவீதத்துக்கு எக்ஸ்ட்ரா காசு கொடுக்குறதுக்கு ரெண்டு வெரல் நீளத்துக்கு அளவா போட்டாலே ஜாஸ்தி பலன். சித்திர மாசம் அழகர் எதிர்சேவை பாக்கப் போறப்ப குடையும் எடுத்துக்க, குடைக்கு பேட்ச் டெஸ்ட் தேவையில்ல.

*

அக்கா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மங்குக்குனு ஒரு மெடிக்கல்ல ட்யூப் குடுத்தாங்க. பத்தே நாள்ல பளிச்சுனு ஆச்சு, அதனால விடாம போட்டேன். இப்ப ஒரு நாள் போடலன்னாலும் முகம் செவந்து எரியுது, பருவும் வருது, தாடைல முடியும் முளைக்குது. நிறுத்தவும் முடியல.
வாசகி, உசிலம்பட்டி

இத எழுதுறப்ப எனக்கே கூச்சமா இருக்கு, ஏன்னா கவுண்டர்ல நின்ன காலத்துல டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாதிரி ட்யூப நானே எடுத்துக் குடுத்துருக்கேன், ஓனர் குடுன்னாரு, கேக்குறவங்களும் 'போன தடவ குடுத்தது'ன்னு காலி ட்யூபக் காட்டுனாங்க.

ட்யூப எடுத்து சின்ன எழுத்தப் படிங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இதுல ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. கூட ஹைட்ரோக்வினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தா மூணும் கலந்த மங்கு மருந்து, அது டாக்டர் பார்வைல சில வாரம் மட்டும் போடுறது, வருசக் கணக்குல போடுற ஃபேர்னஸ் க்ரீம் இல்ல. ஸ்டீராய்டு ரத்தக் குழாயச் சுருக்கும், அதனால தான் மொதல்ல வெளுத்து பளிச்சுனு தெரியுது. நாளாக நாளாக தோலு வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு போகும், மருந்து கெடைக்காத அன்னைக்கு சுருங்கிக் கெடந்த குழாயெல்லாம் விரிஞ்சு செவப்பும் எரிச்சலும் ஒண்ணா கெளம்பும், உடனே மறுபடி தடவத் தோணும். பருவும் முடியும் கூட இதுல வர்றது தான். உங்க ஒருத்தருக்கு இல்ல, ஊரு பூரா இருக்கு, அதனால தான் 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம 'ஷெட்யூல் ஹெச்' பட்டியல்ல சேத்து சீட்டு இல்லாம விக்கக் கூடாதுனு ஆக்குச்சு. இன்னமும் விக்கிறாய்ங்க, அது வேற.

நீங்களா டக்குனு நிறுத்தவும் வேணாம், இப்புடியே போட்டுக்கிட்டு இருக்கவும் வேணாம். இந்த வாரமே தோல் டாக்டர்ட்ட போங்க. காசு யோசனைன்னா மதுரை பெரியாஸ்பத்திரில தோல் பிரிவு இருக்கு, வெள்ளன போயி ஓபி சீட்டு போட்டுருங்க, ட்யூபையும் மறக்காம கொண்டு போங்க. ஒரேடியா நிறுத்துறதா, வீரியம் கம்மியானதுக்கு மாத்தி பைய நிறுத்துறதான்னு அவங்க பாத்து சொல்லுவாங்க. நிறுத்துன பிறகு சில வாரம், சில பேருக்கு மாசக் கணக்குல, முகம் மோசமாத் தான் இருக்கும், கல்யாணம் காச்சிக்குப் போனா நாலு பேரு கேப்பாங்க, மருந்து ஒத்துக்கலனு நெனச்சு பழைய ட்யூபத் தேடிப் போயிராதீங்க. அது வரைக்கும் முகத்துக்கு வாசமில்லாத வெறும் க்ரீமும் தண்ணியும் தான்.

இன்னொண்ணு, பேரே போடாத டப்பால விக்கிற வெளுக்குற க்ரீம் கிட்டயே போகாதீங்க. கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல அந்த மாதிரி க்ரீம்ல இருந்த பாதரசத்தால கிட்னி பாதிச்சு 2023ல வரிசையா ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. மூஞ்சிக்குப் போட்டது கிட்னில போயி நிக்குது பாருங்க.

*

அக்கா, நா பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் கல்லுகிட்ட நின்னா மூக்கும் கன்னமும் செவந்துருது, ராத்திரி வரைக்கும் போகல. குடிச்சுட்டு வந்துருக்கேன்னு கேலி பண்றாய்ங்க, நா குடிக்கிறதே இல்ல. ஆம்பளைக்கு க்ரீம் எல்லாம் போடலாமா?
வாசகர், வாடிப்பட்டி

தம்பி, தோலுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. நீங்க சொல்றது ரொசேஷியாவா இருக்கலாம், மூக்கும் கன்னமும் அடிக்கடி செவந்து போற தோல் நோய் அது, அதுல சூடு, வெயில், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற டீ, காரம், கோவம் எல்லாமே கெளப்பி விடும், குடியும் அதுல ஒண்ணு தான், ஆனா குடிக்காதவங்களுக்கும் வரும், கேலி பண்றவய்ங்ககிட்ட இதக் காட்டுங்க. வேலைய விட முடியாது, அதனால கல்லுக்கும் மூஞ்சிக்கும் நடுவுல காத்து போற மாதிரி ஃபேன திருப்பி வைங்க, பச்சத் தண்ணில நனச்ச துண்ட பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ கழுத்துல போடுங்க. ஐஸ நேரா தேய்க்காதீங்க, அதுவும் எரிச்சல் தான். டீய ஆத்தி ஆத்தி குடிங்க. சால்னாவ விடச் சொன்னா கேக்க மாட்டீங்க, அளவக் கொறைங்க. கண்ணு உறுத்துனா, மூக்குத் தோல் தடிச்சா தள்ளிப் போடாம டாக்டர்ட்ட போங்க. மெட்ரோனிடசோல் ஜெல், அசிலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் க்ரீம்னு இதுக்குன்னே மருந்து இருக்கு, ரொம்ப வெல இல்லாத கம்பெனி மருந்தும் கெடைக்கும், எது உங்களுக்குன்னு அவங்க தான் சொல்லணும்.

*

எங்க மாமியார் எலுமிச்சச் சாறும் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் போடு, எல்லாம் சரியாயிரும்ங்குறாங்க. போட்டா எரியுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்.
வாசகி, திருமங்கலம்

எரிஞ்சா எரியுதுன்னு தான் அர்த்தம். எலுமிச்ச பிஹெச் 2 கிட்ட, சாறு பட்ட எடத்துல வெயில் பட்டா சில நேரம் கொப்புளமே வந்து கருத்துரும். கடலை மாவு தேய்க்கிறது தான் தப்பு, தேய்ச்சாலே செவக்குற தோலுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. மாமியார்ட்ட சண்ட போடாதீங்க, மஞ்சள காலுக்குப் பூசிக்கோங்க, அவங்களுக்கும் சந்தோசம்.

*

எனக்கும் முகம் செவக்குது. நியாசினமைடு 10 பெர்சென்ட், வைட்டமின் சி, க்ளைகாலிக் ஆசிட்னு மூணு சீரமும் சேத்துப் போடலாமா? எல்லாமே ஆஃபர்ல கெடைக்குது.
கல்லூரி மாணவி, மேலூர்

செவப்பு நிக்கிற வரைக்கும் ஆஃபர் ஆப்ப டிலீட் பண்ணு. நியாசினமைடு நல்லது தான், ஆனா 10 சில பேருக்கு எரியும், 5க்குள்ள தேடு, அதுவும் ஒண்ணே ஒண்ணா. க்ளைகாலிக்கும் அமிலமா இருக்குற வைட்டமின் சியும் உனக்கு வேணாம். எதாச்சும் செவப்புக்குன்னே போட்டுப் பாக்கணும்னா அசிலாயிக் ஆசிட் 10 பெர்சென்ட் இருக்கு. கோதும, பார்லில இயற்கையாவே இருக்குற பொருள் அது. ஒரு பட்டாணி அளவு, மூணு நாளைக்கு ஒரு தடவ, க்ரீம் போட்ட பிறகு அது மேல. மொத வாரம் லேசா அரிக்கும், எரிஞ்சா கழுவிட்டு நிறுத்திரு.

*

நெத்தில குங்குமம் வைக்கிற எடம் மட்டும் அரிச்சு கருத்துருச்சு. மீனாட்சி கோயில் தாழம்பூ குங்குமம் தான் வைக்கிறேன், கடைல வாங்குனதும் கலந்து வைப்பேன். வைக்காம இருக்க மனசு வரல.
வாசகி, கீழவாசல்

எதுன்னு தெரியணும்னா மூணு வாரம் ரெண்டையும் நெத்தில வைக்காதீங்க. கடைல விக்கிற நெறையா குங்குமத்துல சாயம் கலக்குறாங்க, வாசத்துக்கும் எதையாச்சும் போடுறாங்க, ரெண்டுமே அலர்ஜி பண்ணும். ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறிராதீங்க, அந்த கம்முல இருக்குற ஒரு ரசாயனம் சில பேருக்கு ஒட்டுன எடத்த வெள்ளத் தழும்பாவே ஆக்கிரும், பாத்துருக்கேன். ஆறுன பிறகு கோயில் குங்குமத்த முழங்கை மடிப்புல ஒரு வாரம் வச்சுப் பாருங்க, அப்புறம் கடைக் குங்குமம், தனித்தனியா. அது வரைக்கும் தாலில வச்சுக்கோங்க, அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.