மாம்பழக்கூழ் ஆலைக் கழிவுநீரில் குளோரெல்லா ஏன் நிலைக்கவில்லை?

வணக்கம் ஐயா. சித்தூர்க் கூழ் ஆலையின் கழிவுநீரைப் பரதராமியில் உள்ள தங்கள் தொட்டியில் நிரப்பி, டீசல் எடுக்கும் எண்ணத்தில் குளோரெல்லா என்னும் நுண்ணிய பச்சைப் பாசியை விட்டதாகவும், மூன்றாம் நாளே நீர் புளித்து வெண்ணிற ஏடு படர்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

குறை பாசியில் இல்லை. அந்நீரில் சர்க்கரையும் அமிலமும் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதனால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பாசியைவிட மிக விரைவாகப் பெருகி அதை மூடிவிடுகின்றன. கலங்கிய நீரில் வெளிச்சமும் இறங்காது.

ஆகவே முதலில் அந்நீரைச் சுண்ணாம்பால் அமிலம் தணித்து, சாண எரிவாயுக் கலனில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கலனே புளித்துவிடும். சர்க்கரையின் பெரும்பகுதி அங்கே மீத்தேனாகும், சாணம் நைட்ரஜனைத் தரும். வெளிவரும் நீரைத் தெளியவைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல நீர் சேர்த்து, 20 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாமல் தொட்டியில் நிரப்பி, நாள்தோறும் கலக்கி வாருங்கள். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 முதல் 8 வரை இருக்கட்டும். 9-ஐத் தாண்டினால் கலனிலிருந்து வரும் நீரிலுள்ள அம்மோனியா பாசிக்கு நஞ்சாகும்.

பாசியிலிருந்து டீசல் எடுக்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இத்தகைய திறந்த தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி கிடைப்பதே அரிது. அதைப் பிரித்து உலர்த்தவே பெரும் ஆற்றல் செலவாகும். படிந்த பாசியை ஈரமாகவே கலனுக்குத் திருப்புங்கள், அல்லது வயலுக்கு உரமாக்குங்கள். மாம்பழப் பருவம் முடிந்து ஆலை நீர் நின்ற பிறகு, சாணக் கரைசலின் தெளிநீரைக் கொண்டே பாசியை உயிரோடு வைத்திருக்கலாம்.