சராசரி ஆட்டக்காரருக்கு ஓல்டு கோர்ஸ் எதற்கு?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். அப்படியே ஸ்காட்லாந்து போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஒரு ரவுண்டு ஆடச் சொல்கிறான். என் ஹேண்டிகேப் 20 (18 ஹோலுக்கு 20 அடி சலுகை). சாம்பியன்கள் ஆடும் இடத்தில் என்னைப் போன்றவன் போய் நிற்பது காசுக்குப் பிடித்த கேடுதானே?
– வாசகர், கோவை

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் பயப்பட வேண்டியது வேறு வகை மைதானங்களுக்கு. இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒடுங்கிய ஃபேர்வே (குட்டையாக வெட்டிய புல்வழி), கிரீனுக்கு (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைக்கு) முன்னால் குளம். அங்கே பந்தைத் தூக்கி அடிக்கத் தெரியாதவருக்கு வேறு வழியே கிடையாது. பந்தைத் தொலைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். அதைக் கடினமான மைதானம் என்று சொல்லலாம், நல்ல மைதானம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஓல்டு கோர்ஸில் முதல் ஹோலும் கடைசி ஹோலும் ஒரே ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன. அகலம் 100 கஜத்துக்கு மேல். பங்கர் எனும் மணல் குழி ஒன்றுகூட இல்லை. முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எந்தப் பக்கம் அடித்தால் அடுத்த அடி சுலபம் என்பதில்தான் சோதனை. அதற்குத் தோள் பலம் தேவையில்லை, யோசனைதான் தேவை.

17ஆவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு ஹோல் என்பார்கள். கிரீன் ஒடுக்கமாகக் குறுக்கே கிடக்கிறது. முன்னால் இடப்பக்கம் ஆழமான பங்கர், பின்னால் சாலை, அதற்கப்பால் கல்சுவர். இரண்டாவது அடியிலேயே கிரீனில் நிறுத்தப் பார்க்கும் நிபுணருக்கு அது கண்டம். 1978இல் இங்கே நடந்த ஓபன் சாம்பியன்ஷிப் போட்டியில் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனைத் தொட்டார். பிறகு பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) தட்டிய பந்து உருண்டு அந்தப் பங்கரில் விழுந்தது. அந்த ஹோலில் அவர் கணக்கு 9.

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்பே, வலப்பக்கம் நிறுத்துங்கள். அங்கிருந்து மேடேற பட்டரால் உருட்டுங்கள். புல் குட்டை, தரை இறுக்கம், பந்து ஓடும். 5 அடியில் முடிக்கலாம். 20 ஹேண்டிகேப்புக்கு அங்கே ஒரு அடியாவது சலுகை உண்டு என்பதால் அது உங்களுக்குப் பார் (அந்த ஹோலுக்கு விதித்த அடிக்கணக்கான 4). சாம்பியனைத் திணறடித்த அதே இடம், உங்களுக்குத் தரையோடு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. இதைத்தான் நல்ல வடிவமைப்பு என்கிறேன்.

1924இல் இந்த மைதானத்தை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கிய மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சியும் கற்றுக்குட்டிகூட ரசித்து ஆடும்படி மைதானம் இருக்க வேண்டும் என்ற கட்சிதான். பிற்பாடு சாம்பியன் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை அமைத்தவர் அவர். அந்த ஜோன்ஸே 1921இல் ஓல்டு கோர்ஸின் 11ஆவது ஹோல் பங்கரில் சிக்கி, ஆட்டத்தைப் பாதியில் விட்டவர். 1927இல் அதே இடத்தில் ஓபன் கோப்பையை வென்றார். புரிந்துகொள்ள அவருக்கே அவகாசம் தேவைப்பட்டது. ஒரே ரவுண்டில் எல்லாம் பிடிபடவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

கௌரவத்துக்காக, நிபுணர்களுக்கென்று பின்னால் தள்ளி வைத்த டீயிலிருந்து ஆடாதீர்கள். மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் கை வைக்க வேண்டாம். ஒரு காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அந்தத் திசையிலிருந்து வருபவரைப் பார்த்தபடி இருப்பதால் 12ஆவது ஹோலில் பல பங்கர்கள் டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, இது பொது மைதானம். ஹேண்டிகேப் சான்றை எடுத்துப் போங்கள். முன்பதிவு இல்லாவிட்டால் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் உலாவும் நாள் அது. வார நாளாகப் பார்த்துக் கிளம்பச் சொல்லுங்கள் மகனை.