'தா மே', 'தாம்': எது சரி?

கேள்வி: மகள் டப்ளினில் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள். 'நான் இருக்கிறேன்' என்பதற்கு டீச்சர் 'தா மே' என்கிறார், பயிற்சிப் புத்தகத்தில் 'தாம்' என்று இருக்கிறது. தமிழில் 'நான் வந்தேன்', 'வந்தேன்' இரண்டும் சொல்கிறோமே, அதுபோல 'மே'யை விருப்பப்படி விட்டுவிடலாமா?
- வாசகி, டப்ளின்

பதில்: இரண்டும் சரிதான். ஆனால் 'மே'யை விட்டால் மிஞ்சுவது 'தா', 'தாம்' அல்ல. இதை முதலில் மகளுக்குச் சொல்லுங்கள். 'தா' என்ற வினையில் ஆள் யாரென்று தெரியாது, அதனால் பக்கத்தில் 'மே', 'தூ', 'ஷே' என்று நானோ நீயோ அவனோ நின்றாக வேண்டும். 'தாம்' வேறு வடிவம், அதில் 'நான்' விகுதியாகவே உள்ளே வந்துவிட்டது. தமிழில் 'வந்தேன்' என்ற பிறகும் முன்னால் 'நான்' போடலாம், ஐரிஷில் அந்த வசதி இல்லை, 'தாம் மே' என்று எழுதினால் தப்பு. 'நான்தான்' என்று அழுத்த வேண்டுமானால்கூட வினையின் கடைசியில் 'ஷெ' ஒட்டி 'தாம்ஷெ' என்பார்கள்.

எல்லா வினைக்கும், நான், நீ, அவன் என்று எல்லா ஆளுக்கும் இப்படி இரண்டு வடிவம் கிடைக்காது. 'அவன் இருக்கிறான்' எப்போதும் 'தா ஷே'. குளிராக இருக்கிறது என்று சொல்லக்கூட அந்த 'ஷே' வேண்டும்: 'தா ஷே ஃபுவர்'. அப்புறம் ஊருக்கு ஊர் பழக்கம் மாறும். தெற்கே கெர்ரி பக்கம் விகுதி மேல் பிரியம் அதிகம், 'நான் இருந்தேன்' அங்கே 'வீஸ்'. வடக்கே டொனெகாலில் அதுவே 'வீ மே'. மகள் இப்போதைக்கு டீச்சர் சொல்வதையே எழுதட்டும், மற்றதைப் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

பிரதிப்பெயர் நிஜமாகவே உதிர்கிற இடம் ஒன்று உண்டு, பலரும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ஐரிஷில் 'ஆம்', 'இல்லை' என்பதற்குத் தனிச்சொல் கிடையாது, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'அன் ரெவ் தூ ஆன்?', அதாவது நீ அங்கே இருந்தாயா என்று கேட்டால் வெறும் 'வீ' போதும், 'மே' வேண்டாம். ஆனால் 'அன் திகன் தூ?', புரிகிறதா என்று கேட்டால் பதில் 'திகிம்', அந்த 'இம்' விகுதி என்பதால் அது விழாது. 'சாப்பிட்டியா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்று வீட்டில் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இது சீக்கிரம் பிடிபடும், தினமும் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.