கற்றல் ஊக்கத்தை அளக்கக் கேள்வித்தாள் மட்டும் போதுமா?

பி.எட். பயிற்சிக்காகச் சென்னைப் பள்ளி ஒன்றுக்குச் செல்லும் தாங்கள், 9ஆம் வகுப்பு மாணவர்களின் அறிவியல், கணித ஊக்கத்தை ஒரே கேள்வித்தாளால் அளந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வித்தாள் அவசியம்தான், ஆனால் அதன் மொத்த மதிப்பெண்ணை நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஷான் கிளின் குழுவினர் 2011இல் வெளியிட்ட அறிவியல் ஊக்க வினாத்தாளில் 25 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' (0) முதல் 'எப்போதும்' (4) வரை மதிப்பெண். உள்ளார்ந்த ஆர்வம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தானாக முயன்று படித்தல், மதிப்பெண் நாட்டம், எதிர்காலத் தொழில் நாட்டம் என ஐந்து பிரிவுகள். எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் சரியாக 100 வருவதால், தேர்வு மதிப்பெண்ணைப் போலவே அதைப் படிக்கத் தோன்றும். நீட், பொறியியல் கலந்தாய்வு என்ற பேச்சைக் கேட்டே வளரும் நம் பிள்ளைகளிடம் கடைசி இரண்டு பிரிவுகளும் எளிதில் உயர்ந்து நிற்கும். அந்த உயரம், பாடத்தின் மீது துளியும் விருப்பமில்லாத மாணவியையும் ஊக்கம் மிக்கவளாகக் காட்டிவிடும். ஆகவே பிரிவு வாரியாகவே பாருங்கள். கணிதத்துக்குத் தனித்தாள் கொடுங்கள்.

இது கல்லூரி மாணவர்களுக்காக உருவான கருவி என்பதால், தமிழாக்கியதும் நான்கைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். பாட ஆசிரியர் எதிரில் நின்றால் எல்லோரும் 'எப்போதும்' என்றே குறிப்பார்கள். அவர் வகுப்பில் இல்லாதபோது, பெயர் எழுதாமல் நிரப்பச் செய்வது நல்லது.

அதன்பின் நடத்தையைக் கவனியுங்கள். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைப் புதிர்க் கட்டைகளோடு தனியே விட்டு, யாரும் சொல்லாமலே எவ்வளவு நேரம் அவற்றில் ஈடுபடுகிறார்கள் என்று அளந்தார். நம் வகுப்பிலும் இது முடியும். குவிலென்சால் சன்னலின் பிம்பத்தைக் காகிதத்தில் விழச் செய்து காட்டியபின், மணி அடித்ததும் லென்சுகளை மேசைமேலேயே விட்டுவையுங்கள். பெரும்பாலோர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஓரிருவர் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று தங்களுக்குள் வாதிடுவார்கள். எனக்கு எந்தக் கூற்றின் மதிப்பெண்ணையும்விட இது பெரிய சான்று. மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டால்தான் இந்தச் சோதனை செல்லும்.

முடிவுகளைப் பள்ளியிடம் ஒப்படைக்கும்போது வகுப்புச் சராசரியை மட்டும் கொடுங்கள். ஆர்வமில்லாதவன் என்ற முத்திரை ஒரு பிள்ளைமீது விழுந்தால், அதை அழிக்க அடுத்த ஆண்டு ஆசிரியரால்கூட முடிவதில்லை.